தவறான தீர்ப்பைப் பற்றி எதைப் பார்ப்பது? ஐந்து ஆக்கங்கள், ஓர் ஒப்பீடு

கடந்த சில மாதங்களில் ஏறக்குறைய ஒரே கேள்வியை மூன்று பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முதலாமவர் ஒட்டுசுட்டான் பக்கத்துச் சனசமூக நிலையம் ஒன்றின் செயலாளர். அங்கே மாதம் ஒரு சனிக்கிழமை மாலை படம் போட்டுப் பேசுகிறார்கள். குற்றம் செய்யாதவர் தண்டிக்கப்பட்ட உண்மைச் சம்பவம் ஒன்றைத் திரையிட வேண்டும் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள், எதைப் போடலாம் என்கிறார் அவர். இரண்டாமவர் கிளிநொச்சியில் உயர்தரம் எழுதிவிட்டுச் சட்டம் படிக்க ஆயத்தமாகும் பிள்ளை. மூன்றாமவர் ஒரு தாய். மகன் தண்டனை பெற்றுச் சிறையில் இருக்கிறான், மேன்முறையீடு நிலுவையில் இருக்கிறது. அயல்வீட்டுப் பெடியன் கைத்தொலைபேசியில் ஓர் அமெரிக்கத் தொடரைக் காட்டி, "அண்ணாவின்ர வழக்கும் இப்படித்தான் அம்மா" என்று சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை.

நான் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தைத் தமிழிலும் தமிழில் சொன்ன சாட்சியத்தைச் சிங்களத்திலும் மாற்றிச் சொல்வதே என் தொழிலாக இருந்தது. ஆகவே இந்த ஒப்பீட்டைத் திரைப்படம் தெரிந்த ஒருவர் செய்ததாகக் கொள்ள வேண்டாம். ஒரு சொல் வாயிலிருந்து தாளுக்குப் போகும் வழியில் என்ன ஆகும் என்பதை நெடுங்காலம் பக்கத்தில் நின்று பார்த்தவன் செய்தது என்று கொள்ளுங்கள்.

## எதை வைத்து நிறுப்பது

முதல் அளவுகோல், ஐயம் எங்கிருந்து பிறக்கிறது என்பது. சில ஆக்கங்கள் பார்ப்பவரை "அப்படியானால் யார் செய்தது?" என்ற தேடலுக்குள் இறக்கிவிடுகின்றன. வேறு சில, "இந்த வாக்குமூலம் எப்படி உருவானது, முதலில் தடுமாறிய சாட்சி பிறகு எப்படி உறுதியானார்?" என்று கேட்க வைக்கின்றன. நான் இரண்டாவது வகைக்கே கூடுதல் மதிப்புக் கொடுக்கிறேன். முதல் வகையின் ஆபத்துக்கு அமெரிக்காவின் வெஸ்ட் மெம்பிஸ் வழக்கு ஓர் உதாரணம். 1993இல் எட்டு வயதுச் சிறுவர்கள் மூவர் கொல்லப்பட்டார்கள், பதின்ம வயதினர் மூவர் தண்டிக்கப்பட்டார்கள். அந்தத் தீர்ப்பை ஐயுற்று எடுக்கப்பட்ட "பரடைஸ் லொஸ்ட்" ஆவணப்பட வரிசையின் இரண்டாம் படம், கொல்லப்பட்ட சிறுவர்களில் ஒருவரின் வளர்ப்புத் தந்தை மீது சந்தேகத்தைத் திருப்பியது. பிள்ளையைப் பறிகொடுத்த அந்த மனிதரே பின்னர் அந்த மூவரும் குற்றமற்றவர்கள் என்று பேச முன்வந்தார். ஒருவரை விடுவிக்கப் புறப்பட்ட படம் தீர்ப்பில்லாமலே இன்னொருவரைக் குற்றவாளியாக்கிவிட முடியும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த எங்கள் ஊர்களில் அந்த விளையாட்டைப் பழகிவிட்டால் அது திரையோடு நின்றுவிடாது.

எங்களுக்கு இந்த அளவுகோல் முக்கியமாவதற்குச் சட்டம் சார்ந்த காரணமும் உண்டு. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, பொலிஸ் அலுவலரிடம் செய்யப்பட்ட குற்ற ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு, எதிராக எண்பிக்க முடியாது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அந்தக் கதவைத் திறந்துவிட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுக்கப்பட்ட ஒப்புதலைச் சான்றாக ஏற்கலாம் என்றும், அது வலிந்து பெறப்பட்டது என்றால் அதை எண்பிக்கும் பொறுப்பு எதிரியையே சாரும் என்றும் அது சொல்கிறது. 2022இல் சட்டம் திருத்தப்பட்டபோதும் இந்தப் பிரிவு நீக்கப்படவில்லை. சிங்கராசா வழக்கு இதன் கீழ் நடந்தது. 1993இல் கைதாகி, 1995இல் 50 ஆண்டுத் தண்டனை பெற்று, மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைக்கப்பட்ட அவருக்கு எதிராக இருந்தது ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றுதான். தமிழ் மட்டும் தெரிந்த அவர், சிங்களத்தில் தட்டச்சுச் செய்த தாளில் பெருவிரல் அடையாளம் இட்டிருந்தார். 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று கண்டது. 2006இல் எங்கள் உயர் நீதிமன்றம் அந்த முடிவின்படி நடக்க மறுத்தது. ஒப்புதல் வலிந்து பெறப்பட்டதா என்று நீதிமன்றம் தனியாகப் பார்க்கும் "உண்மை விளம்பல் விசாரணை" என்ற சொல்லை வவுனியா நீதிமன்ற வாசலில் காத்திருந்த தாய்மார் எல்லோரும் அறிவார்கள். ஆகவே வாக்குமூலம் எப்படிச் செய்யப்படுகிறது என்று காட்டும் படம் எங்களுக்கு அந்நியக் கதையாக இருக்காது.

இரண்டாவது, மறுதரப்புப் பேசுகிறதா, பேசாவிட்டால் அதை ஆக்கம் நேர்மையாகச் சொல்கிறதா என்பது. மூன்றாவது, உயிரிழந்தவருக்கும் காயப்பட்டவருக்கும் அதில் இடம் இருக்கிறதா என்பது. நான்காவது, வழக்கு இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பது. படம் முடிந்த பிறகும் நீதிமன்றங்கள் நடந்துகொண்டே இருக்கின்றன, பத்து ஆண்டு பழைய தொடரைப் பார்த்துவிட்டு இன்றைய நிலையைப் பேச முடியாது.

ஐந்தாவது செலவு. மணித்தியாலம், டேட்டா, மொழி ஆகியவை கண்ணுக்குத் தெரியும் செலவுகள். மற்றது கண்ணுக்குத் தெரியாதது. எங்கள் மண்டபங்களில் நீலக் கதிரைகளில் வந்து அமர்பவர்களில் எத்தனை பேர் ஒரு சிறிய அறையில், மேசைக்கு மறுபுறம் இருந்து கேள்வி கேட்கப்பட்டவர்கள் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. 2009இல் செட்டிகுளம் முகாம்களுக்குள் போய் வந்தவர்கள் இருப்பார்கள், புனர்வாழ்வு முடித்தவர்கள் இருப்பார்கள், கணவனைக் கையளித்துவிட்டு இன்றும் தேடுகிறவர்கள் இருப்பார்கள். விசாரணை அறைக் காட்சி தொடங்கியதும் ஒருவர் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றதை நான் ஒருமுறை கண்டேன். என்ன படம் என்று முன்கூட்டிச் சொல்லாமல் எதையும் போடக் கூடாது என்று அன்று முடிவெடுத்தேன்.

## த சென்ட்ரல் பார்க் பைவ்

1989 ஏப்ரல் 19 இரவு, நியூயோர்க் சென்ட்ரல் பூங்காவில் ஓடிக்கொண்டிருந்த 28 வயதுப் பெண் ஒருவர் கொடூரமாகத் தாக்கப்பட்டு வன்புணர்வுக்கு உள்ளானார். 14 முதல் 16 வயதுக்கு இடைப்பட்ட ஐந்து சிறுவர்கள் 1990இல் தண்டிக்கப்பட்டார்கள். பெறப்பட்ட மரபணுத் தடயம் அவர்களில் எவருடனும் பொருந்தவில்லை என்பது விசாரணைக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆனாலும் சிறுவர்களின் வாக்குமூலங்கள் இருந்தன, அவற்றில் நான்கு கமராவில் பதிவு செய்யப்பட்டிருந்தன. 2002இல் வேறு குற்றங்களுக்காகச் சிறையிலிருந்த ஒருவர் தானே செய்ததாக ஒப்புக்கொண்டார், மரபணுவும் அவருடையதுடன் பொருந்தியது, தீர்ப்புகள் நீக்கப்பட்டன. 2014இல் நகர நிர்வாகம் ஐவருக்கும் சேர்த்து 41 மில்லியன் டொலர் கொடுக்க இணங்கியது. கென் பேர்ன்ஸ், சாரா பேர்ன்ஸ், டேவிட் மக்மஹோன் ஆகிய மூவரும் 2012இல் எடுத்த இந்த ஆவணப்படம் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும்.

என் முதல் அளவுகோலில் இது மற்றவற்றை விட உயர்ந்து நிற்கிறது. "யார் செய்தது" என்ற கேள்விக்குப் படம் தொடங்கும்போதே விடை இருக்கிறது, ஆகவே பார்ப்பவரின் முழுக் கவனமும் "எப்படி நடந்தது" என்பதில் குவிகிறது. கமரா இயங்கத் தொடங்கும் முன்னே பல மணித்தியாலங்கள் கழிந்திருக்கின்றன, நித்திரை இல்லை, சாப்பாடு சரியாக இல்லை, அந்த மணித்தியாலங்களுக்குப் பதிவும் இல்லை. சிறுவன் ஒருவன் கமராவைப் பார்த்து அமைதியாகப் பேசுவதை ஜூரிகள் கண்டார்கள், அதற்கு முந்திய இரவைக் காணவில்லை. ஐந்து வாக்குமூலங்களும் இடத்திலும் உடையிலும் நேரத்திலும் ஒன்றோடொன்று முரண்படுவதைப் படம் பொறுமையாக எடுத்து வைக்கிறது.

இரண்டு இடங்களில் எங்கள் ஆட்களுக்கு விளக்கமே தேவைப்படாது. ஒன்று, ஒரு சிறுவனின் தகப்பன் விசாரணை அறைக்குள் வந்து, பொலிஸார் கேட்பதைச் சொல்லிவிடு, வீட்டுக்குப் போகலாம் என்று மகனிடம் சொல்வது. அந்தத் தகப்பன் கெட்டவர் என்று எங்கள் மண்டபத்தில் ஒருவரும் சொல்லமாட்டார்கள், பயந்த தகப்பன்மாரை அவர்கள் அறிவார்கள். மற்றது, ஐவரில் மூத்தவரான 16 வயதுப் பையன் பொலிஸார் தேடிய பட்டியலிலேயே இருக்கவில்லை என்பது. தோழனுக்குத் துணையாகப் பொலிஸ் நிலையம் போனவர் அவர். வயது காரணமாகப் பெரியவர்களின் சிறைக்கு அனுப்பப்பட்டு, ஐவரில் ஆகக் கூடிய காலம் உள்ளே இருந்தவரும் அவரே. அந்த ஐவரில் ஒருவர் படத்தில் முகம் காட்டவில்லை, அவருடைய குரல் மட்டும் வருகிறது. அந்தக் குரலைக் கேட்கும்போது மண்டபத்தில் யாராவது பேசினால் பேசாதிருக்கச் சொல்லுங்கள்.

குறைகளும் உண்டு. விசாரித்த பொலிஸாரும் வழக்குத்தொடுநரும் படத்தில் பங்குகொள்ளவில்லை, தாக்கப்பட்ட பெண்ணின் துயரத்துக்குக் கிடைக்கும் இடமும் சிறியது. இன்னொரு மறைமுகச் செலவு, கறுப்பினத்தவருக்கும் நியூயோர்க் நகரத்துக்கும் இடையிலான வரலாறு தெரியாவிட்டால் முதல் இருபது நிமிடமும் பிடிபடாது என்பது. திரையிடுபவர் ஐந்து நிமிடம் முன்னுரை சொன்னால் அது தீரும். இதே வழக்கை "வென் தே சீ அஸ்" என்ற நான்கு பகுதி நாடகமாகவும் 2019இல் எடுத்தார்கள். அது நெஞ்சைப் பிழியும், ஆனால் நடிகர்கள் நடித்தது, சட்டம் படிக்கிறவர் ஆவணப்படத்தையே முதலில் பார்க்க வேண்டும்.

## த தின் புளூ லைன்

எரல் மொரிஸ் 1988இல் எடுத்த இந்தப் படம் ஒரு மனிதரை உண்மையாகவே சிறையிலிருந்து வெளியே கொண்டுவர உதவியது. 1976 நவம்பரில் டெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரில் பொலிஸ் அலுவலர் ஒருவர் சுடப்பட்டார். அடுத்த ஆண்டு ராண்டல் டேல் அடம்ஸ் என்பவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, பிறகு அது ஆயுள் தண்டனையானது. அவருக்கு எதிரான முக்கியச் சாட்சி, அன்று காரில் வந்த 16 வயது இளைஞர் ஒருவர். மொரிஸ் அந்த மாநிலத்துக்குப் போனது வேறொரு வேலைக்கு. மரண தண்டனை வழக்குகளில் எதிரிகள் மீண்டும் கொல்வார்கள் என்று தொடர்ந்து சாட்சியம் சொல்லிவந்த மனநல மருத்துவர் ஒருவரைப் பற்றிப் படம் எடுக்கப் போனவர், சிறையில் அடம்ஸைச் சந்தித்தார். 1989இல் அடம்ஸ் விடுதலையானார்.

இதன் தனிச்சிறப்பு, சாட்சிகள் சொன்ன ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாக நடித்துக் காட்டுவது. ஒரே இரவு, ஒரே வீதி, ஆனால் ஒருவர் சொன்னபடி ஒரு மாதிரி, இன்னொருவர் சொன்னபடி வேறு மாதிரி. சுடப்பட்டவருடன் இருந்த பொலிஸ் அலுவலரின் பால்பானக் குவளை காற்றில் சுழன்று விழும் காட்சி மெதுவாக வருகிறது. முதல் முறை பார்ப்பவர் அதை அலங்காரம் என்று நினைக்கலாம். ஆனால் சுடப்பட்டபோது உடனிருந்த அலுவலர் காருக்கு வெளியே நின்றாரா, உள்ளே இருந்தாரா, எதைக் கண்டிருக்க முடியும் என்ற கேள்வியே அந்தக் குவளையில் தொங்குகிறது. தேடப்பட்ட கார் ஒரு வகை, சம்பவத்தில் இருந்த கார் வேறொரு வகை என்பதும் அப்படியே. கண்கண்ட சாட்சியின் உறுதி எப்படி வளர்கிறது என்பதை இவ்வளவு நுட்பமாகக் காட்டிய வேறொரு படத்தை நான் பார்க்கவில்லை. அடையாள அணிவகுப்பில் தவறவிட்ட சாட்சி, நீதிமன்றத்தில் ஐயமில்லாமல் விரல் நீட்டுவதை நானும் தொழிலில் கண்டிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. இடையில் பலர் பலமுறை கேட்ட கேள்விகளே அவர்களுக்கு ஞாபகமாகிவிடுகின்றன.

மறுதரப்புக்கு இதில் நல்ல இடம் உண்டு. நீதிபதியும் விசாரித்தவர்களும் சாட்சிகளும் தங்கள் வாயாலேயே பேசுகிறார்கள். கடைசிக் காட்சியில் முகமே இல்லை. மேசையில் ஓர் ஒலிப்பதிவுக் கருவி, அதில் அந்த முக்கியச் சாட்சியின் குரல். செலவு என்று பார்த்தால், பின்னிசையும் மெதுவான நடையும் இளைஞர்களைச் சோர்வடையச் செய்யலாம். பேசுபவர்களின் பெயர் திரையில் வருவதில்லை, ஆங்கிலம் நன்றாகப் பிடிபடாதவர்கள் யார் யாரென்று தெரியாமல் திணறுவார்கள். பெரிய கூட்டத்துக்கு இது உகந்ததில்லை. ஐந்தாறு பேர் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதற்கும் சட்டம் படிக்கும் பிள்ளைக்கும் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

## மேக்கிங் எ மேர்டரர்

அயல்வீட்டுப் பெடியன் அந்தத் தாய்க்குக் காட்டியது இதைத்தான். 2015 டிசெம்பரில் நெட்பிளிக்ஸில் பத்துப் பாகமாகவும் 2018இல் மேலும் பத்துப் பாகமாகவும் வந்தது. விஸ்கொன்சின் மாநிலத்தில் ஸ்டீவன் ஏவரி என்பவர் தான் செய்யாத பாலியல் குற்றத்துக்காக 18 ஆண்டுகள் சிறையிலிருந்து, 2003இல் மரபணுச் சோதனையால் விடுதலையானார். தன்னைத் தண்டித்த மாவட்டத்துக்கு எதிராக 36 மில்லியன் டொலர் கேட்டு அவர் வழக்குத் தொடுத்திருந்த நேரத்தில், 2005இல் இளம் பெண் புகைப்படக் கலைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். 2007இல் ஏவரியும் அவருடைய சகோதரியின் மகன் பிரெண்டன் டாசியும் தண்டிக்கப்பட்டார்கள்.

இந்தத் தொடரில் பொக்கிஷம் போன்ற ஒரு பகுதி இருக்கிறது, அது 16 வயது டாசியின் விசாரணைப் பதிவு. இறந்த பெண்ணின் தலைக்கு என்ன செய்தீர்கள் என்று விசாரணையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். தலைமுடியை வெட்டினோம் என்கிறான், குத்தினோம் என்கிறான், கழுத்தை வெட்டினோம் என்கிறான். விடை வராதபோது ஒருவர் பொறுமையிழந்து, தலையில் சுட்டது யார் என்று தானே கேட்டுவிடுகிறார். அதன் பிறகுதான் பையன் சுட்டதைப் பற்றிச் சொல்கிறான்.

அதைப் பார்த்தபோது என் தொழிலின் ஒரு சொல் நினைவுக்கு வந்தது. வன்னியில் ஒருவர் பேசும்போது கேட்டுக்கொண்டிருப்பவர் இடைக்கிடை "ஓம்" என்பார். "நீ சொல்வது கேட்கிறது, மேலே சொல்" என்பதே அதன் பொருள். விசாரணையில் அலுவலர், "நீ அங்கே போனாய், அவனைக் கண்டாய், பொருளை வாங்கினாய்" என்று அடுக்குகிறார், இருப்பவர் ஒவ்வொன்றுக்கும் "ஓம்... ஓம்..." என்கிறார். தாளில் அது "நான் அங்கே போனேன். அவனைக் கண்டேன். பொருளை வாங்கினேன்" என்று ஆகிறது. அடியில், "வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது, சரியென ஏற்றுக் கையொப்பமிடுகிறேன்" என்ற வழமையான வரி. ஒரு முறை ஒரு கமக்காரரின் சாட்சியத்தில் வந்த "ஓம்" ஒன்றை நானே சம்மதமாக மொழிபெயர்த்துவிட்டேன். மறு தவணையில்தான் அவருடைய சட்டத்தரணி அதைத் திருத்தினார். அந்த இடைப்பட்ட நாட்களை நான் இன்னும் மறக்கவில்லை.

டாசியின் தீர்ப்பை 2016இல் ஒரு கூட்டாட்சி நீதவான் நீக்கினார். 2017 டிசெம்பரில் மேன்முறையீட்டு அமர்வு நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அதை மாற்றித் தண்டனையை நிலைநிறுத்தியது. 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. ஒரே பதிவைப் பார்த்த ஏழு நீதிபதிகள் இப்படிப் பிரிந்து நின்றார்கள் என்பதே ஒரு மாலை முழுவதும் பேசத்தக்க விடயம்.

ஆனால் தொடர் முழுவதையும் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. ஏவரிக்கு எதிரான சில சான்றுகள் தொடரில் வரவில்லை என்று வழக்குத்தொடுநர் குறை கூறினார், அந்தக் குறையில் நியாயம் உண்டு. உதாரணமாக, இறந்தவரின் காரின் முன்மூடித் தாழ்ப்பாளில் கிடைத்த மரபணு. இறந்த பெண்ணின் குடும்பம் பங்குகொள்ள மறுத்தது, அதனால் அவர் இருபது பாகங்களிலும் ஒரு புகைப்படமாகவே நின்றுவிடுகிறார். மணித்தியாலக் கணக்கும் பெரிது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பாகமும் அடுத்ததைத் திறக்க வைக்கும் இடத்தில் முடிகிறது, இரவிரவாகப் பார்த்தவர் காலையில் நீதிபதியாகி விடுகிறார். தொடர் வந்தவுடன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மன்னிப்புக் கேட்டு வெள்ளை மாளிகைக்கு மனுவில் ஒப்பமிட்டார்கள். மாநிலக் குற்றத்துக்கு ஜனாதிபதி மன்னிப்பு வழங்க முடியாது என்ற பதிலே வந்தது.

## சீரியல்

இது 2014இல் வந்த ஒலித்தொடர், சாரா கோனிக் என்ற பத்திரிகையாளர் தொகுத்தது, 12 பாகங்கள். 1999இல் பல்ரிமோர் பகுதியில் கொல்லப்பட்ட பள்ளி மாணவியின் வழக்கில், 17 வயதில் கைதாகி ஆயுள் தண்டனை பெற்ற அட்னான் சயீத் பற்றியது. ஒலி மட்டும் என்பதால் டேட்டா மிகக் குறைவு, முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்குப் பஸ்ஸில் போய் வருவதற்குள் மூன்று பாகம் முடிந்துவிடும். தயாரிப்பாளர் தன் ஐயங்களை மறைக்காமல் பேசுகிறார், அது நல்ல பண்பு. ஆனால் ஆங்கிலம் வேகமானது, கூட்டமாகக் கேட்க வழியில்லை.

இதைக் கேட்பவர் வழக்கின் பிந்திய கதையையும் கட்டாயம் அறிய வேண்டும். 2022 செப்டெம்பரில் தீர்ப்பு நீக்கப்பட்டு அவர் விடுதலையானார். இறந்தவரின் குடும்பத்துக்கு முறையாக முன்னறிவித்தல் கொடுக்கப்படவில்லை என்று 2023இல் தீர்ப்பு மீள நிலைநிறுத்தப்பட்டது, 2024இல் மாநில உச்ச நீதிமன்றமும் அதை ஆமோதித்தது. 2025இல் ஏற்கெனவே கழித்த காலமே தண்டனையாகக் கணிக்கப்பட்டு அவர் வெளியிலேயே இருக்கிறார், ஆனால் குற்றத் தீர்ப்பு அப்படியே இருக்கிறது. 2022இல் இறந்தவரின் சகோதரர் நீதிமன்றத்தில், இது தனக்கு ஒலித்தொடர் இல்லை, முடிவே இல்லாத நிஜ வாழ்க்கை என்று சொன்னார். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருப்பதைக் கண்ட எங்களுக்கு அந்தச் சகோதரரின் பேச்சு புரியும்.

## உயிர்வலி

ஐந்தில் தமிழில் உள்ளது இது ஒன்றுதான். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூனில் 19 வயதில் கைதான பேரறிவாளனைப் பற்றியது, மரண தண்டனைக்கு எதிரான இயக்கத்தின் சார்பில் 2013இல் வந்தது. அவர் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒன்பது வோல்ட் பற்றரிகளே வழக்கின் மையம். வாக்குமூலத்தைப் பதிவு செய்த ஓய்வுபெற்ற அலுவலர், அந்தப் பற்றரிகள் எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக இதில் சொல்கிறார். ஒரு வசனம் தாளுக்கு வராமல் போனால் என்ன ஆகும் என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது. இந்தியாவின் தடா சட்டமும் எங்கள் 16ஆம் பிரிவைப் போலப் பொலிஸ் உயரதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை ஏற்றது. 1999இல் இந்திய உச்ச நீதிமன்றம் தடா குற்றங்கள் எண்பிக்கப்படவில்லை என்று கண்ட பிறகும், அதே சட்டத்தின் கீழ் பெற்ற ஒப்புதலை ஏனைய குற்றங்களுக்குச் சான்றாக வைத்துக்கொண்டது. 2014இல் மரண தண்டனை ஆயுளானது, 2022 மே மாதம் அவர் விடுதலையானார். அந்த விடுதலை குற்றமற்றவர் என்ற தீர்ப்பு இல்லை என்பதைத் திரையிடுபவர் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மொழிச் செலவு இதில் இல்லை, முதியவர்களும் தாய்மாரும் நேரடியாகப் புரிந்துகொள்வார்கள். பேரறிவாளனின் தாய் அற்புதம்மாளின் முகம் எங்கள் தாய்மாருக்கு அந்நியமான முகம் இல்லை. மறைமுகச் செலவு வேறு. இது ஓர் இயக்கத்தின் குரல், மறுதரப்பைத் தேடிப் போகவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியுடன் இறந்த காவலர்களுக்கும் தொண்டர்களுக்கும் குடும்பங்கள் உண்டு என்பதை மண்டபத்தில் யாராவது எழுந்து சொல்ல வேண்டியிருக்கும். வன்னியில் இந்த வழக்கைத் தொட்டவுடன் பேச்சு அரசியலுக்குப் போய்விடும், வாக்குமூலத்தில் விடுபட்ட அந்த வசனத்துக்குத் திரும்பி வரவே மாட்டாது. கூட்டத்தை இழுத்துப் பிடிக்கக்கூடிய ஒருவர் இருந்தால் மட்டும் போடலாம்.

## ஒரே பார்வையில்

| ஆக்கம் | வடிவம், மொழி | ஐயத்தின் ஊற்று | சட்ட நிலை |
|---|---|---|---|
| த சென்ட்ரல் பார்க் பைவ் | ஒரு படம், ஆங்கிலம் | சிறுவரின் ஒப்புதல்கள் | 2002இல் தீர்ப்புகள் நீக்கம் |
| த தின் புளூ லைன் | ஒரு படம், ஆங்கிலம் | கண்கண்ட சாட்சிகள் | 1989இல் விடுதலை |
| மேக்கிங் எ மேர்டரர் | 20 பாகங்கள், ஆங்கிலம் | ஒப்புதல், தடயங்கள் | தண்டனைகள் நிலைக்கின்றன |
| சீரியல் | 12 ஒலிப் பாகங்கள், ஆங்கிலம் | ஒரு சாட்சி, தொலைபேசிப் பதிவு | தீர்ப்பு நிலைக்கிறது, வெளியில் உள்ளார் |
| உயிர்வலி | ஆவணப்படம், தமிழ் | வாக்குமூலத்தில் விடுபட்ட வசனம் | 2022இல் விடுதலை |

## யாருக்கு எது

சனசமூக நிலையத்துக்கு என் தெரிவு "த சென்ட்ரல் பார்க் பைவ்". ஒரே மாலையில் முடியும், விடை தெரிந்த வழக்கு என்பதால் வாக்குவாதம் "யார்" என்பதற்குள் சிக்காது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி ஒருவர் தமிழில் சொல்ல வேண்டும். மூன்று மணித்தியாலம் ஒதுக்குங்கள், கரண்ட் போனால் தொடர மறுநாளையும் வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத் தாளில் "இதில் பொலிஸ் விசாரணைக் காட்சிகள் உண்டு" என்று எழுதுங்கள். மண்டபத்தின் பின்கதவைத் திறந்தே வையுங்கள்.

சட்டம் படிக்கப் போகும் பிள்ளை "த தின் புளூ லைன்" படத்தையும் டாசியின் விசாரணைப் பகுதியையும் பார்க்கட்டும், கூடவே 25ஆம் பிரிவையும் 16ஆம் பிரிவையும் பக்கத்தில் வைத்து வாசிக்கட்டும். மொழி எவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு 2017ஐயும் பார்க்கலாம். வவுனியா மேல் நீதிமன்றத்திலிருந்து தங்கள் வழக்கு சிங்களத்தில் விசாரணை நடக்கும் அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டதை எதிர்த்து அந்த ஆண்டில் மூன்று தமிழ்க் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள்.

அந்தத் தாய்க்கு இந்த ஐந்தில் எதையும் நான் சொல்லவில்லை. விஸ்கொன்சினில் நடந்தது அவருடைய மகனின் வழக்குக்குச் சான்றாகாது, நம்பிக்கையை ஏற்றி இறக்கி நித்திரையை மட்டும் கெடுக்கும். மேல் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்ய வேண்டும், மகன் சிறை அதிகாரிகள் ஊடாக அதைக் காலத்தோடு கொடுத்திருந்தான். சட்டத்தரணிக்குக் கட்டப் பணமில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, அவர் அங்கேயும் போய்விட்டார். அவரிடம் இல்லாதிருந்தது வழக்கேட்டை வாசிக்க ஓர் ஆள். ஏடு சிங்களத்தில் இருந்தது.

"ஐயா, இதில என்ன கிடக்கெண்டு இவ்வளவு நாளும் எனக்கு ஒருத்தரும் வாசிச்சுச் சொல்லேல்லை" என்று சொல்லி, ஒரு சொப்பிங் பையிலிருந்து அதை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு பின்நேரங்கள் இருந்து பக்கம் பக்கமாகத் தமிழில் சொன்னேன். வாக்குமூலத்தின் அடியில் அதே வழமையான வரி இருந்தது, யார் வாசித்து எந்த மொழியில் விளங்கப்படுத்தினார் என்று அதில் இல்லை. அவர் அந்த இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார், பிறகு பேனையை வாங்கிப் பக்க எண்ணைத் தானே குறித்தார். வீட்டுக்குப் போகும்போது பதினொரு பக்க எண்கள் எழுதிய கொப்பித் தாள் ஒன்று அந்தப் பையில் இருந்தது. அடுத்த தவணைக்கு முன் அதைச் சட்டத்தரணியிடம் கொடுக்க வேண்டும்.